கைரேகை முதல் கைக்காசு வரை: வாசகர் கேள்வி பதில்

டிஜிட்டல் அடையாள அட்டைக்குக் கைரேகை, கண், முகம் எல்லாவற்றையும் எடுக்கப் போகிறார்களாம். அதற்கு இந்தியா காசு கொடுக்கிறதாம். கொடுப்பதா, மாட்டேன் என்பதா?
— வாசகர், ஹட்டன்

மாட்டேன் என்று நின்றால் நாளைக்கு வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வரிசையின் கடைசியில் நிற்கப்போவது நீங்கள்தான். பதிவேட்டில் பெயர் இல்லாமல் போவது என்னவென்று மலையகத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியதில் தொடங்கிய கணக்கு, சட்டப் புத்தகத்தில் முடிவதற்கே 2003 ஆயிற்று. ஆகவே கொடுங்கள். ஆனால் கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இப்போது கையில் இருக்கும் அட்டையே நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேசுகிறது. 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள். 1985 பெப்ரவரி 1இல் பிறந்த பெண்ணின் எண் 1985532 என்று தொடங்கும். ஆக, எண்ணைச் சொன்னாலே பிறந்த நாளையும் சொல்லியாயிற்று. பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றுவது நல்லது.

புதிய அட்டையில் வரும் ஆபத்து வேறு மாதிரியானது. கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. திட்டத்துக்கு இந்தியா நன்கொடை தருவது உண்மை. அடிப்படை மென்பொருளான ‘மொசிப்’ பெங்களூரில் உருவானது, யாரும் திறந்து பார்க்கக்கூடிய நிரல். பணம் யார் தந்தார் என்பதில் நாம் அவ்வளவு மினக்கெட மாட்டோம். தரவு இருக்கும் கணினி எந்த ஊரில், திறப்பு யார் கையில், எந்த உத்தியோகத்தர் எப்போது திறந்து பார்த்தார் என்ற பதிவை நாம் கேட்டுப் பெறலாமா என்பவைதான் கேட்க வேண்டியவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகத்தான் வந்தது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும், தள்ளிப்போட்டார்கள். நமது அரசியலமைப்பில் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமையாகத் தனியே எழுதப்படவும் இல்லை. இந்தியாவிலோ 2017இல் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை என்றது. 2018 செப்டெம்பரில், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடங்கொடுத்த பிரிவையும் வெட்டிவிட்டது. அட்டையின் யோசனையைக் கொண்டுவருகிறவர்கள் அந்தத் தீர்ப்பையும் சேர்த்துக் கொண்டுவரலாம்.

தோட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொழுந்தெடுக்கும் கையிலும் கவ்வாத்து வெட்டும் கையிலும் ரேகை தேய்ந்துபோயிருக்கும், இயந்திரம் பிடிக்காது. எடுக்கப் போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே இரவில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். போகும் காலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பதியாது, விரல் வறண்டிருந்தாலும் பதியாது. பெருவிரலும் சுட்டுவிரலும் சரிவராவிட்டால் மோதிர விரலை வைக்கக் கேளுங்கள், அதில் தேய்மானம் குறைவு. பிறகு ஆளை உறுதிப்படுத்தும் இடங்களில் ரேகை மட்டுந்தானா, கண்ணோ முகமோ மாற்றாக ஏற்கப்படுமா என்பதையும் அங்கேயே கேட்டு வையுங்கள். ரேகை பிடிக்கவில்லை என்று சொல்லிக் கொடுப்பனவை நிறுத்தும் நாள் வரக்கூடாது.

அதுவரைக்கும் அட்டையின் போட்டோக் கொப்பியில் கவனமாக இருங்கள். கொடுக்கும் ஒவ்வொரு பிரதியிலும் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, “இன்ன இடத்தில் இன்ன தேவைக்கு மட்டும்” என்று எழுதித் திகதி போடுங்கள். எழுத்து படத்தின் மேலும் எண்ணின் ஓரத்திலும் படவேண்டும், எண்ணை மறைக்கக்கூடாது. வெறும் பிரதி ஒன்று கைமாறினால் உங்கள் பெயரில் யாரோ ஒருவருக்கு சிம் கிடைத்துவிடும். #132# அடித்தால் அந்த நிறுவனத்தில் உங்கள் அட்டையில் பதிவான இலக்கங்கள் தெரியும். தெரியாத இலக்கம் இருந்தால் நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போய் எழுத்தில் நீக்கச் சொல்லி, அதற்குப் பற்றுச்சீட்டும் வாங்குங்கள்.

மகளின் சடங்கு வீட்டுப் படங்களை முகநூலில் போட்டேன். மகள் கோபித்துக்கொண்டு பேச மாட்டேன் என்கிறாள். நான் செய்தது பிழையா?
— தாய் ஒருவர், மஸ்கெலியா

பிழைதான் அக்கா. மண்டபத்துக்கு வந்தவர்கள் அழைத்து வந்தவர்கள், முகநூலில் பார்ப்பவர்களை யாரும் அழைக்கவில்லை. படத்தை அழித்துவிட்டு, படம் பிடித்தவரிடமும் சொல்லுங்கள். அவர் தன் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போட்டிருப்பார், பலரும் மறப்பது அதைத்தான். இனிமேல் ஸ்டூடியோவுக்கு முற்பணம் கொடுக்கும்போதே “எங்கள் அனுமதி இல்லாமல் வெளியிடக்கூடாது” என்று பில்லில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஆப் ஒன்றில் 30,000 ரூபா கடன் எடுத்தான். தவணை தவறியதும் அவன் போனில் இருந்த எல்லோருக்கும், எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வரைக்கும், “இவன் திருடன்” என்று படத்தோடு அனுப்பியிருக்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, பொகவந்தலாவை

முதலில் ஆப்பை அழிக்காதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது அதுதான். கடன் எடுத்த திகதி, கைக்கு வந்த தொகை, கேட்ட தொகை, மிரட்டல் செய்திகள், பணம் கட்டச் சொன்ன கணக்கிலக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறொரு போனுக்கு அனுப்பிவிடுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், அந்த ஆப்பின் அனுமதிகளில் தொடர்புகள், படங்கள், கமெரா, இருப்பிடம் நான்கையும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் அழிக்க வேண்டும். ஏற்கெனவே அவர்கள் பிரதி எடுத்த பெயர்ப் பட்டியல் திரும்பி வராது, உண்மை. ஆனாலும் இனி எடுக்கும் படமாவது போகாது.

அடுத்தது வெட்கத்தை விட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே செய்தி: “என் போனிலிருந்து இலக்கங்கள் களவு போயுள்ளன. என்னைப் பற்றி வரும் செய்திக்குப் பதில் எழுதவோ பணம் அனுப்பவோ வேண்டாம். அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள்.” மிரட்டுபவனின் பலமே நம் வெட்கந்தான். ஊருக்கே தெரிந்துவிட்டால் அவனிடம் விற்கச் சரக்கு இல்லை.

முறைப்பாட்டை அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் கொடுக்கலாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்கும் எழுதலாம். ஒருவரின் தனிப்பட்ட விவரங்களை வெளியிட்டுத் தொல்லை கொடுப்பதை 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அந்தச் சட்டத்தில் நமக்கு வேறு மனக்குறை உண்டு. எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் விட்டது சரியில்லை. அதற்காகத் தம்பி அதில் கிடைக்கும் நிவாரணத்தை விட வேண்டியதில்லை.

பணத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட ஆப்களில் 30,000 என்று காட்டி, “சேவைக் கட்டணம்” என்று 6,000ஐப் பிடித்துக்கொண்டு 24,000ஐத்தான் கணக்கில் போடுவார்கள். 14 நாளில் 30,000 கட்ட வேண்டும். 24,000க்கு 6,000 என்றால் இரண்டு வாரத்துக்கு 25 வீதம். ஆண்டுக்கு இப்படி 26 தடவை, ஆக 650 வீதம். தம்பிக்குக் கைக்கு வந்த தொகையை வங்கி மூலம், பற்றுச்சீட்டு கிடைக்கும் வழியில் மட்டும் கட்டச் சொல்லுங்கள். மிகுதியைப் பற்றி எழுத்தில் பேசச் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் இந்த ஆப்பை அடைக்க இன்னொரு ஆப்பில் எடுக்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆட்களுடையதாக இருக்கும். நிறுவனம் மத்திய வங்கியின் உரிமம் பெற்றதா என்று 1935க்கு அழைத்துக் கேட்கலாம்.

ஆப்பைத் திட்டிவிட்டு, தோட்டத்து லய வீடுகளுக்கு வரும் வாராந்தக் கடனை விட்டுவிட்டால் அது நியாயமாகாது. மாதம் 2 வீதம் என்றால் கேட்க இனிக்கும். 50,000 ரூபாவுக்கு 12 மாதத்தில் வட்டி 12,000, மாதத் தவணை ஏறத்தாழ 5,167. ஆனால் ஆறாவது மாதத்தில் முதலில் பாதியை நீங்கள் கட்டி முடித்திருப்பீர்கள், வட்டியை மட்டும் முழு ஐம்பதாயிரத்துக்கும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது மாதம் கிட்டத்தட்ட மூன்றரை வீதம், ஆண்டுக்கு 41, 42 வீதம். கையெழுத்துப் போடுவதற்கு முன், “வட்டி முழு முதலுக்கா, மீதிக்கா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். கடன் உத்தியோகத்தர் முகத்திலேயே பதில் தெரியும்.

சீக்கிரம் பணக்காரர் ஆவது எப்படி?
— மாணவர், புசல்லாவை

“சீக்கிரம் பணக்காரர் ஆவது எப்படி” என்று வகுப்பு நடத்தி ஆகிறார்கள். நீங்கள் கட்டணம் கட்டும் பக்கத்தில் நிற்காமல் இருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற என் கணவருக்குச் சேமலாப நிதியாக 14 இலட்சம் வந்தது. மாதம் 10 வீதம் தரும் இடம் ஒன்று இருப்பதாக மருமகன் சொல்கிறார். வங்கியில் போட்டால் ஒன்றும் மிஞ்சாதாம்.
— வாசகி, லுணுகலை

மருமகனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மாதம் 10 வீதம் வட்டிக்கு வட்டியாக வளர்ந்தால் ஒரு இலட்சம் ஓராண்டில் 3 இலட்சத்து 13 ஆயிரத்தைத் தாண்டும். இரண்டாண்டில் கிட்டத்தட்ட பத்து இலட்சம். இப்படிச் சம்பாதிக்கத் தெரிந்தவன் உங்கள் 14 இலட்சத்தைத் தேடி லுணுகலைக்கு ஏன் வருகிறான்? முதல் சில மாதம் ஒழுங்காகக் கொடுப்பார்கள், அது உங்கள் பணமே திரும்பி வருவது. அதை நம்பி நீங்கள் அண்ணனையும் சித்தியையும் சேர்ப்பீர்கள். புதிதாகச் சேர்பவர் குறைந்த மாதம் கதவு சாத்தியிருக்கும். ஆள் சேர்க்கச் சேர்க்கப் பணம் என்னும் பிரமிட் திட்டங்களை நடத்துவதும், விளம்பரப்படுத்துவதும் வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவில் குற்றம். மருமகன் அடுத்த வீட்டாரையும் சேர்த்துவிட்டாரென்றால் சட்டம் அவரையும் தேடி வரும். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது. உரிமம் பெற்றோர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

உரிமம் பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ முறிந்தால் வைப்புக் காப்புறுதி ஒரு நபருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை உண்டு. ஆகவே 14 இலட்சத்தையும் ஒரே இடத்தில் போடாமல் இரண்டாகப் பிரியுங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் இருக்கிறது, வட்டி சற்றுக் குறைந்தாலும் நிம்மதி கூட. எல்லாவற்றையும் ஓராண்டு வைப்பில் பூட்டிவிட்டு, வைத்தியச் செலவுக்கு நடுவில் உடைத்து வட்டியை இழப்பவர்கள் அதிகம். ஒரு பகுதி மூன்று மாதம், ஒரு பகுதி ஆறு மாதம், மிகுதி ஓராண்டு என்று வையுங்கள்.

வட்டியில் 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். 14 இலட்சத்துக்கு ஆண்டு வட்டி 8 வீதம் என்று வைத்துக்கொண்டால் 112,000 ரூபா, அதில் 11,200 போய்விடும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். கேட்காதவருக்கு யாரும் படிவம் நீட்டுவதில்லை. கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்து, பின்னுரித்தாளரையும் எழுதுங்கள். தொகையைத் தோட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டாம், மருமகனுக்குச் சொன்னது போதும்.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1750 ரூபாவை வாங்கிக் கொடுத்தது யார்? எல்லாக் கட்சியும் பட்டாசு கொளுத்துகிறதே!
— வாசகர், தலவாக்கலை

பட்டாசுக்குத் தொழிற்சங்கச் சந்தாவில் எவ்வளவு போனது என்று கேட்டீர்களா? 2021 மார்ச்சில் 1000 வந்தபோதும் இதே பட்டாசு. 2024 மே மாதம் 1700 என்று வர்த்தமானி வந்து, நீதிமன்றப் படியேறி நின்றுபோனது. அப்போது கொளுத்தியதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் 1350 ஆனது. 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டத்தில் தோட்டம் தருவது 1550, வருகைக்காக அரசு தருவது நாளுக்கு 200 என்று 1750 ஆக்கினார்கள். தேர்தல் கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த 200 நம் எல்லோரின் வரிப்பணம். கொம்பனியின் பையிலிருந்து வந்தது 200 மட்டுமே. ஆண்டுக்கு ஆண்டு பாராளுமன்றம் கைதூக்கினால்தான் அரசின் 200 நிலைக்கும். அதைச் சம்பளம் என்று நினைத்துக் கடன் எடுக்க வேண்டாம்.

மேடையைவிடச் சம்பளச் சிட்டையைப் பாருங்கள். 25 நாள் வேலைக்கு 1550 என்றால் 38,750. அதில் உங்களிடம் பிடிக்கும் சேமலாப நிதி 8 வீதம், 3,100. தோட்டம் போட வேண்டிய 12 வீதம் 4,650. நம்பிக்கை நிதி 3 வீதம் 1,162 ரூபா 50 சதம். 1350 இருந்த காலத்தில் இவை 2,700, 4,050, 1,012.50. உயர்ந்த பிறகும் பழைய தொகையே பிடிபட்டால் கேள்வி கேட்க இடமுண்டு. ‘அரைப் பேர்’, அதாவது அரைநாள் சம்பளம், எத்தனை நாள் விழுந்தது என்றும் பாருங்கள். சம்பளம் ஏறிய மாதத்திலேயே கொழுந்தின் அளவையும் ஏற்றினால், ஒரு கையால் தந்து மறு கையால் வாங்கியது போலத்தான்.

போன் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறதா? குக்கர் வாங்குவதைப் பற்றிப் பேசினேன், உடனே குக்கர் விளம்பரம் வந்தது.
— வாசகர், பண்டாரவளை

ஒட்டுக்கேட்டதை யாரும் நிரூபிக்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. மனைவி அதே வைஃபையில் குக்கர் தேடியிருப்பார். அண்ட்ரொயிட் 12இலிருந்து மைக் வேலை செய்யும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும். டோர்ச் ஆப்புக்கு மைக் அனுமதி எதற்கு என்று பார்த்து நிறுத்துங்கள்.

எங்கள் டிவிசன் பள்ளத்தில் இருக்கிறது. பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்கு மலையேற வேண்டியிருக்கிறது. லயத்தில் பத்து வீடு சேர்ந்து ஸ்டார்லிங்க் எடுக்கலாமா?
— இளைஞர், அக்கரப்பத்தனை

செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கருவிக்கு ஒரு இலட்சத்துக்கு மேல், மாதம் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். தட்டு 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். நாள் முழுக்கப் போட்டால் மாதம் 54 முதல் 72 யூனிட். மின்சாரக் கட்டணத்தில் அது உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். வானம் அகலத் திறந்திருக்கவும் வேண்டும். கிரவிலியா, டர்பன்டைன் மரங்கள் நிற்கும் பள்ளத்தில் சில நிமிடத்துக்கு ஒரு தடவை இணைப்பு அறும், வீடியோ வகுப்புக்கு அது ஆகாது. வீட்டுப் பாவனைக்கான இணைப்பைக் காசுக்குப் பங்கிடுவது ஒப்பந்தத்தை மீறுவதாகலாம், நிபந்தனையைப் படியுங்கள்.

அதற்கு முன்னால் பாதிச் செலவுகூட ஆகாத வழியைப் பாருங்கள்: வெளியில் வைக்கும் அன்டனாவோடு 4ஜி ரவுட்டர். இதில் பெரும்பாலும் பிழையாவது அன்டனா அல்ல, கேபிள்.

முதலில் இடம் தேடுங்கள். சிக்னல் அளவு காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு, போனோடு லயத்தைச் சுற்றி நடங்கள். பார்க்க வேண்டியது கோடுகளை அல்ல, ‘ஆர்.எஸ்.ஆர்.பி.’ என்னும் எண்ணை. அது மறை எண்ணாக வரும். மறை 90ஐவிட நல்லதென்றால் அன்டனாவே வேண்டாம், ரவுட்டரை ஜன்னலில் வைத்தால் போதும். மறை 100க்கும் 115க்கும் இடையில் என்றால் அன்டனா உதவும். மறை 120க்கும் கீழே என்றால் பணத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்மையும் போட்டுப் பாருங்கள். எதிர் மலையிலிருக்கும் டவர் யாருடையது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். விளம்பரத்தில் சொல்லும் வேகத்துக்கு இங்கே வேலையில்லை.

அன்டனா சொக்கட் இரண்டு உள்ள ரவுட்டராகப் பார்த்து வாங்குங்கள். ஒரே திசையைப் பார்க்கும் அன்டனா இரண்டு, ஒன்று இடப்பக்கம் 45 பாகை, மற்றது வலப்பக்கம் 45 பாகை சரிந்து நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி நிறுத்திவிட்டு வேகம் வரவில்லை என்பவர்கள் பலர். கடைக்காரர் தரும் மெல்லிய கறுப்புக் கேபிளில் 10 மீற்றர் ஓடினால் சிக்னலில் நாலில் மூன்று பங்கு வழியிலேயே போய்விடும், அன்டனா கொடுத்த லாபமும் அதோடு போச்சு. கேபிளை 3 மீற்றருக்குள் வையுங்கள். தூரம் கூடினால் ரவுட்டரையே அன்டனாவுக்குப் பக்கத்தில் கூரையடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டி, அங்கிருந்து வலையமைப்பு வயரைக் கீழே இறக்குங்கள். அந்த வயர் 100 மீற்றர் வரை தாங்கும். பெட்டியின் அடியில் இரண்டு துளை வேண்டும், இல்லாவிட்டால் தகரத்துச் சூட்டில் ரவுட்டர் தானாகவே அணையும். தகரக் கூரைக்குக் கீழே அன்டனாவை வைத்தால் பயனில்லை.

இணைப்புகளில் தண்ணீர் புகுவது அடுத்த தொல்லை. மூடுபனி ஊரில் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதா டேப். வயர் உள்ளே நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பிறகு ஒருவர் திரையைப் பார்க்க, மற்றவர் அன்டனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் பொறுங்கள், எண் மாற நேரம் எடுக்கும். கடைசியாக, சிக்னல் எவ்வளவு தெளிவு என்று காட்டும் ‘எஸ்.ஐ.என்.ஆர்.’ எண்ணையும் பாருங்கள். அது 13க்கு மேல் போனால் வகுப்பு தடங்கலில்லாமல் ஓடும், பூச்சியத்துக்குக் கீழே போனால் வேறு டவருக்குத் திருப்புங்கள்.

ரவுட்டர் 12 வோல்ட், ஒரு அம்பியர் என்றால் மாதம் 9 யூனிட்டுக்குள்தான். 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரியில் பாதியை மட்டும் பாவித்தாலும் மின்வெட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழங்கத் தொடங்கியதும் மின் வயரையும் வலை வயரையும் கழற்றிவிடுங்கள். கடையில் “பூஸ்டர்” என்று விற்கும் பெட்டியை வாங்க வேண்டாம். அனுமதியில்லாமல் அதைப் பொருத்துவது குற்றம், அந்த மலையில் உள்ள எல்லோரின் இணைப்பையும் அது கெடுக்கும்.

எங்கள் கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்தது. வங்கிக் கடிதம் பிரித்து ஒட்டியிருந்தது.
— பட்டதாரி, ஹப்புத்தளை

முகநூல் தனியுரிமை பற்றி உலகமே பேசுகிறது. இங்கே இருநூறு ஆண்டாகத் தபால் பையிலேயே தனியுரிமை இல்லை. லயத்துக்கு வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத வரை, உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் வழி ஆபீஸ் மேசையைத் தாண்டித்தான்.

உடனடியாகச் செய்யக்கூடியவை: வங்கிக் கூற்றை மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். விண்ணப்பங்களில் நிரந்தர முகவரி, தபால் முகவரி என இரண்டு கட்டம் இருந்தால் இரண்டாவதில் டவுனில் நம்பிக்கையான கடை அல்லது உறவினர் முகவரியை எழுதுங்கள். உபதபாலகத்தில் நேரில் பெற்றுக்கொள்ளலாமா என்று தபாலதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். முக்கியமானதைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், கையொப்பமிட்டவர் யார் என்பது பதிவில் இருக்கும். பிரித்து ஒட்டிய உறையை எறியாதீர்கள். தபால் முத்திரைத் திகதி தெரியப் படமெடுத்து, கைக்குக் கிடைத்த திகதியைப் பக்கத்தில் எழுதி, தபாலதிபருக்கு முறைப்பாடு கொடுங்கள்.

நீண்ட வழி பிரதேச சபை. தோட்டங்களுக்குள் சபைகள் பணம் செலவிடச் சட்டத்தில் இருந்த தடையை 2018இல் திருத்தி நீக்கினார்கள். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகளை ஆறாக்கியதும் அந்தக் காலப்பகுதியில்தான். பாதைக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் போடுவதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வாக்குக் கேட்டு வரும் உறுப்பினரிடம் கொங்கிரீட் பாதைக்கு முன்னால் இதைக் கேளுங்கள். அதைத் திறப்பு விழா வைக்க முடியாது என்பதால்தான் யாரும் செய்யவில்லை போலும்.

வீட்டுத் திட்டப் பட்டியலில் எங்கள் பெயர் ஏன் இல்லை என்று கேட்டால் “மேலிடம்” என்கிறார்கள். மேலிடம் எங்கே இருக்கிறது?
— வாசகர், கொட்டகலை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விலாசம் கிடைக்கும். பிரதேச செயலகத்தில் தகவல் அலுவலர் இருப்பார், தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதி எடுக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள், நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மறுத்தாலும் மௌனம் காத்தாலும் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்கு.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் பலர் தோற்கிறார்கள். “ஏன் என் பெயர் இல்லை?” என்றால் “தகுதியில்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: எங்கள் டிவிசனுக்கு ஒதுக்கிய வீடுகள் எத்தனை, பயனாளிகளைத் தெரிவு செய்த அளவுகோலின் பிரதி, தெரிவுக் கூட்டத்தின் அறிக்கை, அதில் இருந்தவர்களின் பதவிப் பெயர்கள், என் விண்ணப்பத்துக்கு வழங்கிய புள்ளிகள். மற்றவர்களின் அடையாள அட்டை இலக்கம், வருமானம் ஆகியவற்றைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று முழு விண்ணப்பத்தையும் தட்டிக்கழிப்பார்கள். அந்தச் சாட்டை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அயல் வீட்டாரின் விவரம் உங்களுக்குத் தேவையும் இல்லை.

கொழுந்து மடுவத்தில் இப்போது போனோடு சேர்ந்த டிஜிட்டல் தராசு. திரையில் வருவதை நாங்கள் பார்ப்பதற்குள் மாறிவிடுகிறது. ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ குறைகிற மாதிரி இருக்கிறது.
— பெண் தொழிலாளர்கள் சிலர், ராகலை

இரண்டு கிலோ, நாளுக்கு மூன்று நிறுவை, 25 நாள் என்றால் மாதம் 150 கிலோ. கைக்காசுக்கு வர வேண்டியது அதில் போகிறது, ‘அரைப் பேர்’ விழுவதும் அதிலேதான்.

சந்தேகத்தோடு சண்டைக்குப் போகாமல் சோதித்துப் பாருங்கள். 20 லீற்றர் கேனை வெறுமையாக டவுன் கடையில் நிறுத்து அதன் எடையை மேலே எழுதுங்கள். லீற்றர் அளவுள்ள போத்தலால் எண்ணி 20 தடவை தண்ணீர் ஊற்றுங்கள், தண்ணீர் மட்டும் 20 கிலோ. கேனோடு எவ்வளவு வர வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். நிறுவைக்கு முன் எல்லோர் முன்னிலையிலும் அதைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். சரியாக வந்தால் தராசில் குற்றமில்லை, கழிவில்தான் இருக்கிறது. சாக்கு எவ்வளவு, ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஈரமில்லாத நாளிலும் அதே கழிவு மென்பொருளில் நிரந்தரமாகப் பதிந்திருப்பதுண்டு. நனையாத சாக்கு ஒன்றை வெறுமையாக வைத்து நிறுத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். தராசு தொங்கும்போது சாக்கு சுவரிலோ தரையிலோ படாமல் இருக்கிறதா, வெறும் தராசு பூச்சியம் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

கேன் எடையே பிழையாக வந்தால் வேறு கதை. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்தின்படி வியாபாரத்துக்கும் கூலிக்கும் பாவிக்கும் தராசு பரிசோதித்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். முத்திரையில் ஆண்டு இருக்கும். முறைப்பாட்டை மாவட்டச் செயலகத்திலுள்ள அளவீட்டு அலகுகள் பரிசோதகருக்கு எழுதுங்கள். அதற்கு முன் தராசின் பின்புறத்திலுள்ள தொடர் இலக்கத்தைப் படமெடுத்து, முறைப்பாட்டிலும் எழுதிவிடுங்கள். பரிசோதகர் வரும் நாளில் மடுவத்தில் வேறு தராசு தொங்கக்கூடும்.